கிரேஸ் பார்த்த கொலை: பிரையன் டி பால்மாவின் ‘சிஸ்டர்ஸ்’

‘சிஸ்டர்ஸ்’ ஒரு தொலைக்காட்சி விளையாட்டோடு தொடங்குகிறது. உடைமாற்றும் அறையில் கறுப்பின இளைஞன் ஒருவன் தனியாக இருக்கிறான். பார்வையற்ற பெண் ஒருத்தி தடியைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறாள். அங்கே ஆள் இருப்பது தெரியாமல் உடையைக் களையத் தொடங்குகிறாள். அவன் என்ன செய்வான்? காட்சி அப்படியே நிற்கிறது. தொகுப்பாளர் வருகிறார், போட்டியாளர்கள் ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘பீப்பிங் டாம்ஸ்’. அந்தப் பெண் பார்வையற்றவள் அல்ல. நிகழ்ச்சிக்காக நடிக்க வந்த டேனியெல் என்ற கனடிய பிரெஞ்சு மாடல். இளைஞன் பிலிப்புக்குத்தான் எதுவும் தெரியாது. அவன் கண்ணியமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பரிசாக அவளுக்குச் சமையலறைக் கத்திகள் ஒரு செட் கிடைக்கிறது. அவனுக்கு ‘ஆப்பிரிக்கன் ரூம்’ என்ற உணவகத்தில் இருவருக்கான இரவுச் சாப்பாடு. பரிசில் இருக்கும் குத்தல் அரங்கில் யாருக்கும் உறைக்கவில்லை, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

பிரையன் டி பால்மா 1972-இல் எடுத்து, அந்த ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் விழாவில் காட்டி, 1973-இல் திரையரங்குகளுக்கு வந்த இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே ஹிட்ச்காக் வந்துவிடுவார். அதில் நியாயமும் இருக்கிறது. எதிர்ச் சன்னலை வேடிக்கை பார்த்து அங்கே நடந்த கொலையைக் கண்டுகொள்வது ‘ரியர் விண்டோ’. கதாநாயகன் என்று நாம் நம்பியவனை அரை மணி நேரத்தில் கத்தியால் குத்திக் கொல்வதும், இரட்டை மனம் கொண்ட கொலையாளியும் ‘சைக்கோ’. இசையமைத்திருப்பவரோ ‘சைக்கோ’வுக்கும் ‘வெர்டிகோ’வுக்கும் இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன். எனவே நகலெடுப்பவர் என்ற பட்டம் டி பால்மாவுக்கு இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டது, இன்றும் உரிந்தபாடில்லை. கடன் வாங்கியதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் வாங்கிய இடத்தை மட்டும் பட்டியல் போடுகிறவர்கள், அவர் அதை எதற்குச் செலவழித்தார் என்று பார்ப்பதில்லை. ‘ரியர் விண்டோ’வில் கண்ணால் கண்ட சாட்சி கடைசியில் ஜெயிக்கிறது. ‘சிஸ்டர்ஸ்’ கண்ட சாட்சியை அழிப்பதற்கென்றே எடுத்த படம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம் என்பதால் முடிவைச் சொல்லித்தான் எழுதப்போகிறேன்.

அப்போது டி பால்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் படிக்கப் போய், நாடகத்திலும் சினிமாவிலும் விழுந்தவர். ‘கிரீட்டிங்ஸ்’ (1968), ‘ஹாய், மாம்!’ (1970) என்று வியட்நாம் காலத்து நியூயார்க்கைக் கிண்டலடிக்கும் மலிவுப் படங்களை எடுத்திருந்தார். இரண்டிலும் ராபர்ட் டி நீரோ நடித்தார்; அவரை அப்போது வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு வார்னர் பிரதர்ஸுக்காக ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கப் போய், படம் முடிவதற்குள் வெளியேற்றப்பட்டார். அந்த அடிக்குப் பிறகு வந்தது ‘சிஸ்டர்ஸ்’. தயாரித்தவர் எட்வர்ட் பிரஸ்மன். வாங்கி வெளியிட்டது, திறந்தவெளித் திரையரங்குகளுக்குப் பேய்ப் படமும் மோட்டார்சைக்கிள் படமும் அனுப்பிவந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ். நடிகர்கள் பெரும்பாலும் நண்பர்கள். டேனியெலாக நடித்த மார்கோ கிடரும், எதிர்வீட்டுப் பத்திரிகையாளர் கிரேஸாக நடித்த ஜெனிஃபர் சால்ட்டும் மாலிபு கடற்கரையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். ஸ்பீல்பெர்க்கும் ஸ்கார்சஸியும் பால் ஷ்ரேடரும் வந்துபோன வீடு அது. திரைக்கதையை டி பால்மா அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார் என்பது அந்த வட்டத்தில் எல்லோரும் சொல்லும் கதை. படத்தில் கிரேஸின் அம்மாவாக வந்து ‘கல்யாணம் எப்போது’ என்று நச்சரிப்பவர் மேரி டேவன்போர்ட். ஜெனிஃபருக்கு நிஜத்திலும் அவர்தான் அம்மா. அப்பா வால்டோ சால்ட், கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட திரைக்கதை ஆசிரியர். தன் வாயால் சொன்னதற்காகவும் சொல்ல மறுத்ததற்காகவும் ஆட்கள் என்னென்ன பட்டார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் இந்தப் பாத்திரத்துக்கு வந்தது தற்செயல்தான். ஆனாலும் படம் பார்க்கும்போது அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கதையின் விதை ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படம். 1950-இல் மாஸ்கோவில் ஒட்டிப் பிறந்த மாஷா, தாஷா கிரிவோஷ்லியாபோவா சகோதரிகளைப் பற்றி அந்தப் பத்திரிகை 1966-இல் எழுதியது. புகைப்படத்தில் ஒருத்தி கலகலப்பாகவும் இன்னொருத்தி ஒடுங்கிப்போயும் இருந்தாள் என்பதையும், வளர வளர மனரீதியான சிக்கல்கள் வருகின்றன என்ற குறிப்பையும் டி பால்மா பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓர் உடம்பு, இரு மனம் என்ற திகில் கதைக்கு அந்த ஒரு படமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சகோதரிகளின் உண்மை வாழ்க்கை பின்னால்தான் வெளியே வந்தது. குழந்தைகள் இறந்துவிட்டன என்று தாயிடம் சொல்லி, சோவியத் உடலியல் ஆய்வாளர்கள் அவர்களைச் சோதனைக்கூடத்தில் வைத்து வளர்த்தார்கள். இருவருக்கும் இரத்த ஓட்டம் ஒன்று, நரம்பு மண்டலம் வேறு வேறு. ஆகவே ஒருத்திக்குக் குளிரும் பசியும் வலியும் கொடுத்து மற்றவளிடம் என்ன மாற்றம் தெரிகிறது என்று அளந்தார்கள். 2003-இல் மாஷா மாரடைப்பில் இறந்தபோது, தாஷா ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. படத்தில் வரும் க்யூபெக் மருத்துவ நிலையமும், அங்கே இரட்டையரைக் காட்சிப் பொருளாக்கும் ஆவணப்படமும் கற்பனைதான். மாஸ்கோவில் நடந்ததன் முன்னால் அந்தக் கற்பனை சாதுவாகத் தெரிகிறது.

டி பால்மாவின் தந்தை பிலடெல்ஃபியாவில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர். மகன் சிறுவயதில் அறுவை அரங்கில் நின்று பார்த்திருக்கிறான். அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று தெரிந்ததும், அவரைப் பின்தொடர்ந்து கேமராவும் கையுமாக வேவு பார்த்தான். ‘டி பால்மா’ (2015) ஆவணப்படத்தில் இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். வாழ்க்கைச் சம்பவத்தை எடுத்துப் படத்துக்குச் சாவியாக மாட்டுகிற விமர்சனம் எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. இருந்தாலும், ஒளிந்து பார்ப்பவனும் கத்தி பிடித்த மருத்துவரும் ஒரே படத்தில் சந்திக்கும்போது இந்தத் தகவலை ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியவில்லை.

ஹெர்மன் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1966-இல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்தின்போது ஹிட்ச்காக்கோடு முறிந்துபோன பிறகு, ஹாலிவுட் அவரைப் பழைய ஆள் என்று ஒதுக்கியிருந்தது. படத்தொகுப்பாளர் பால் ஹிர்ஷ், தொகுக்கும்போது தற்காலிகமாக ஹெர்மனின் பழைய ஹிட்ச்காக் இசையையே போட்டுப் பார்த்தார், பொருந்திவிட்டது. பிறகு ஆளையே கூப்பிட்டார்கள். அதே பழைய இசையோடு படத்தைப் போட்டுக் காட்டியபோது பெரியவர் கொதித்துப்போனார். இன்னொரு சண்டை தலைப்புக் காட்சிக்கு. முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காத படத்துக்குத் தலைப்பு இசை இல்லாமல் எப்படி என்று அவர் கேட்க, ‘சைக்கோ’விலும் அப்படித்தானே என்று டி பால்மா சொல்ல, ஹிட்ச்காக் என்றால் ஜனங்கள் காத்திருப்பார்கள், உனக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்ற பொருளில் அவர் ஒரு போடு போட்டாராம். அப்படி வந்ததுதான் கருவில் மிதக்கும் சிசுக்களின் படங்கள் மேல் மணிகளும் மூக் சின்தசைசர்களும் சேர்ந்து அலறும் தொடக்கம். குழந்தைப் பாட்டு ஒன்றை யாரோ கோணலாக வாசிப்பது மாதிரி அது தொடங்கும். வெறும் உடைமாற்றும் அறை நையாண்டியோடு படம் ஆரம்பித்திருந்தால், பார்வையாளர்கள் அதைக் கேலிப் படம் என்று எண்ணியிருப்பார்கள். ஹெர்மன் சொன்னது சரி.

இனி கொலைக்கு வருவோம். டேனியெலும் பிலிப்பும் சாப்பிட்டுவிட்டு அவளுடைய ஸ்டேட்டன் ஐலண்ட் வீட்டுக்கு வருகிறார்கள். வழியெல்லாம் அவளுடைய முன்னாள் கணவன் எமில் பின்தொடர்கிறான். படுக்கையாக விரிக்கக்கூடிய சோபாவில் இருவரும் சேர்கையில் கேமரா மெல்ல நகர்ந்து அவள் இடுப்போரத்தில் இருக்கும் பெரிய தழும்பின் மேல் நிற்கிறது. காலையில் பக்கத்து அறையில் இரண்டு பெண்கள் பிரெஞ்சில் சண்டை போடும் குரல் கேட்கிறது. இன்று எனக்கும் என் இரட்டைச் சகோதரி டொமினிக்குக்கும் பிறந்தநாள் என்கிறாள் டேனியெல். பிலிப் மருந்து வாங்கப் போனவன், கேக் கடையிலும் ஏறி, இரண்டு பெயரையும் எழுதச் சொல்லி வாங்கி வருகிறான். மெழுகுவத்தி ஏற்றி, பரிசாக வந்த கத்திகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவளிடம் கேக்கை நீட்டுகிறான். அந்தக் கத்தியே அவன் மேல் பாய்கிறது. சாகும் தறுவாயில் சன்னல்வரை தவழ்ந்து, கண்ணாடியில் தன் இரத்தத்தால் உதவி கேட்டு எழுதுகிறான். எதிர்ச் சன்னலில் கிரேஸ்.

இந்த இடத்தில் திரை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதியில் கிரேஸின் கண்ணுக்குத் தெரியும் பிலிப், மறு பாதியில் பிலிப்பின் கண்ணுக்குத் தெரியும் கிரேஸ். சாகிறவனும் பார்க்கிறவளும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் பார்ப்பதை வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் அது வழக்கமான பதற்றமாகப் போயிருக்கும். சேர்த்து வைத்ததால், யார் முகத்தைப் பார்ப்பது என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு இரண்டு பாதிகளும் இரண்டு வேலைகளுக்குப் பிரிகின்றன. ஒரு பக்கம் கிரேஸ் போலீசுக்குப் போன் செய்கிறாள், கீழே இறங்கிப் போய்த் துப்பறிவாளர்களோடு வாக்குவாதம் செய்கிறாள். அவர்களுக்கு அவளை ஏற்கெனவே தெரியும். போலீஸ்காரர்களைப் பன்றிகள் என்று ஏன் அழைக்கிறோம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவள். செத்தது கறுப்பினத்தவன் என்றதும் அவர்களுக்கு இருந்த கொஞ்ச அவசரமும் போய்விடுகிறது. மறு பக்கம் எமில் வந்து சேர்கிறான், தரையைத் துடைக்கிறான், உடலைச் சோபாவுக்குள் மடித்து மூடுகிறான். ஒரு பக்கம் பேச்சு வளர வளர, மறு பக்கம் தடயம் குறைந்துகொண்டே வருகிறது. அவன் வெளியேறுவதும் இவர்கள் மேலே வருவதும் கொஞ்சத்தில் தப்புகின்றன. கடைசியில் இரு பாதிகளும் ஒரே கதவின் இரண்டு பக்கங்களாகின்றன: உள்ளே டேனியெல், வெளியே கிரேஸும் போலீசும்.

டி பால்மா இந்த உத்தியை முன்பே பழகியிருந்தார். ரிச்சர்ட் ஷெக்னர் குழுவின் நாடகத்தைப் படமாக்கிய ‘டயனைசஸ் இன் 69’ (1970) முழுக்கவே இரட்டைத் திரையில் ஓடும்; ஒரு கேமரா நடிகர்கள் மேல், இன்னொன்று பார்வையாளர்களும் அவர்களோடு கலக்கும் இடத்தின் மேல். எமிலாக வரும் வில்லியம் ஃபின்லிதான் அதில் டயனைசஸ். ‘சிஸ்டர்ஸ்’ அளவுக்கு இந்த உத்திக்கு வேலை இருந்த படம் அவரிடம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். ‘கேரி’யின் (1976) நடன அரங்கக் காட்சியில் அது பிரம்மாண்டம் காட்டுகிறது, அவ்வளவுதான். இங்கே அது ஒரு வழக்கையே நடத்துகிறது. வாதியின் தரப்பும் பிரதிவாதியின் தரப்பும் அருகருகே ஓடுகின்றன. நடுவே இருக்கும் கோட்டைத் தாண்டிப் பார்க்கும் வசதி நமக்கு மட்டும். உண்மை என்ன என்று திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அந்த அறையில் நிற்பவர்களுக்கோ அது எட்டவே எட்டாது.

தேடும் காட்சியில் இது கொடூரமான நகைச்சுவையாகிறது. வெள்ளைச் சோபாவின் பின்புறத்தில் இரத்தக் கறை ஊறிப் பரவுவதை நாம் பார்க்கிறோம். போலீசார் முன்புறம் நிற்கிறார்கள். இரண்டு பெயர் எழுதிய கேக்கைக் கிரேஸ் கண்டுபிடித்து, இதோ ஆதாரம் என்று ஓடி வந்து, இடறி, துப்பறிவாளரின் ஷூ மேல் கொட்டுகிறாள். ஹிட்ச்காக் படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கால் உடைந்து நாற்காலியில் கிடந்தாலும், போலீஸ் நண்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறான். நம்பாவிட்டாலும் மரியாதையோடு நம்பாமல் இருக்கிறான். கிரேஸுக்கு இரண்டு கால்களும் இருக்கின்றன, தொழிலே செய்தி சேகரிப்பது. அவளைச் சுற்றியிருக்கும் ஒருவர்கூட அவள் சொல்வதைச் சொல்லாகக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு அவள் வேலை பொழுதுபோக்கு. அவளே அமர்த்தும் தனியார் துப்பறிவாளர் லார்ச், சார்ல்ஸ் டர்னிங் அபாரமாகச் செய்திருக்கும் பாத்திரம், தான் பயிற்சி பெற்ற நிறுவனத்தின் பெருமையை அவளுக்குப் பாடமெடுக்கிறார். அவர் செய்யும் வேலையைவிட அவளுடைய மூளை வேகமாக ஓடுகிறது. ‘லைஃப்’ அலுவலகத்துக்குப் போய் பழைய கோப்புகளையும் ஆவணப்படத்தையும் பார்த்து, ஒட்டிப் பிறந்தவர்களில் டொமினிக் பிரிப்பு அறுவையின்போதே இறந்துவிட்டாள் என்பதைக் கண்டுபிடிப்பவள் கிரேஸ்தான். அப்படியானால் கொலை செய்தது டேனியெலுக்குள் பிழைத்திருக்கும் டொமினிக்.

உண்மையைக் கண்டுபிடித்ததற்கு அவளுக்குக் கிடைப்பது மனநல விடுதி. எமிலைத் தொடர்ந்து அங்கே நுழைந்தவளைப் புதிதாக வந்த நோயாளி என்று டாக்டரான அவன் அறிவித்துவிடுகிறான். நான் பத்திரிகையாளர் என்று அவள் கத்தக் கத்த, அதுவே நோயின் அறிகுறியாகிறது. ஊசி போட்டு, அரைமயக்கத்தில் அவளைக் கருப்பு வெள்ளைக் கனவு ஒன்றுக்குள் தள்ளுகிறான். டி பால்மா எடுத்த காட்சிகளிலேயே விசித்திரமானது இது. பழைய ஆவணப்படம்போல் சொரசொரப்பான பிம்பங்களில், டேனியெலோடு ஒட்டியிருக்கும் டொமினிக்கின் இடத்தில் கிரேஸ் கிடக்கிறாள். டேனியெலை எமில் காதலித்தது, அவள் கருவுற்றது, பொறாமையில் டொமினிக் அந்தக் கருவை அழித்தது எல்லாம் கிரேஸின் நினைவாகவே வருகின்றன. படத்தில் முன்பு பார்த்த முகங்கள் வரிசையில் நிற்க, வெட்டுக்கத்தி ஒன்று கைமாறிக் கைமாறி எமிலிடம் போகிறது. எழுதி வைத்துப் படித்தால் அபத்தமாக இருக்கும் இந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது ஹெர்மனின் இசை. இதற்கு முந்தைய கால் மணி நேரம், எமில் உளவியல் விளக்கம் சொல்லும் பகுதி, எனக்கு இப்போதும் இழுவையாகத்தான் இருக்கிறது. ‘சைக்கோ’வின் கடைசியில் மருத்துவர் வந்து பாடம் நடத்துவாரே, அந்தக் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கடன் வாங்கிவிட்டார்.

ஆனால் ஒரு வித்தியாசம். ‘சைக்கோ’வில் விளக்கம் சொல்பவர் வெளியாள், நம்பத்தகுந்தவர். இங்கே விளக்குபவன் குற்றத்தின் பங்காளி. டேனியெலைக் காதலித்து, அறுவையும் செய்து, மணந்து, மாத்திரையில் வைத்திருப்பவன். டொமினிக் பைத்தியம், டேனியெல் சாது என்பது அவன் எழுதிய நோயறிக்கை. அதற்கு வேறு சாட்சி கிடையாது. விமர்சகர் ராபின் வுட் இந்தப் படத்தை எழுபதுகளின் அமெரிக்கத் திகில் படங்களில் முக்கியமானதாக உயர்த்திப் பிடித்தது இந்தக் கோணத்தில்தான். ஆண் சொல்லும் ஒழுங்குக்குள் அடங்காத பெண்ணின் கோபமே டொமினிக். சுதந்திரமாக இயங்கப் பார்க்கும் கிரேஸ் அவளுடைய மறுபாதி. அதனால்தான் மருத்துவம் இருவரையும் ஒன்றாக வெட்டுகிறது என்பது அவர் வாசிப்பின் சாரம். எமிலை டேனியெல் அறுவைக் கத்தியால் கொல்லும்போது அந்த வாசிப்புக்கு வலு கூடுகிறது. பின்பு போலீஸ் அவளைப் பிடிக்கிறது. தன் சகோதரி இறந்துபோய்விட்டாள், தான் யாரையும் காயப்படுத்தியதில்லை என்கிறாள் அவள்.

எல்லாம் முடிந்து ஒரு வழியாகப் போலீஸ் கிரேஸை நம்ப வருகிறது. கேலி செய்த அதே துப்பறிவாளர் அவளுடைய பெற்றோர் வீட்டுக்கு வந்து, பொம்மைகள் அடுக்கிய சிறுவயது அறையில் படுத்திருப்பவளிடம் கொலையைப் பற்றிக் கேட்கிறார். எமில் மயக்கத்தில் ஊட்டிய வாக்கியத்தை அவள் ஒப்பிக்கிறாள்: உடல் எதுவும் இல்லை, ஏனென்றால் கொலையே நடக்கவில்லை. ஊட்டியவன் இப்போது உயிரோடு இல்லை, எடுத்துவிடவும் ஆளில்லை. படத்தில் இதைவிடப் பயங்கரமான இடம் இல்லை என்பேன். ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் சாதித்தது. எட்டு வருடம் கழித்து ‘ப்ளோ அவுட்’ (1981) எடுத்தபோது டி பால்மா இதே காயத்துக்குத் திரும்பினார். அதில் ஒலிப்பதிவாளனிடம் ஒரு கொலைக்கு அசைக்க முடியாத ஒலி ஆதாரம் இருக்கும். கடைசியில் அது உலகத்துக்கு எட்டாது. அது இதைவிட முதிர்ந்த படம், துக்கமும் கூடுதல். ஆனால் சாட்சியின் வாயாலேயே சாட்சியத்தை மறுக்கவைக்கும் துணிச்சல் ‘சிஸ்டர்ஸ்’-க்குத்தான்.

ராபின் வுட்டின் வாசிப்பில் எனக்கு உடன்பாடு அதிகம், ஓர் இடம் தவிர. டொமினிக்கின் கோபம் ஆண் அதிகாரத்துக்கு எதிரானது என்றால், அது முதலில் வெட்டுவது அந்தப் படத்திலேயே அதிகாரம் எதுவுமில்லாத ஆணை. தொலைக்காட்சி அவனை ஏமாற்றியது, பரிசு என்ற பெயரில் குத்திக்காட்டியது. போலீஸ் அவன் சாவைச் சட்டை செய்யவில்லை. பிறந்தநாள் கேக் வாங்கி வந்ததைத் தவிர அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. நடித்த லைல் வில்சன் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் நிதானமான இனிமையால்தான் முதல் அரை மணி நேரம் நிற்கிறது. ‘ஹாய், மாம்!’ படத்தில் வெள்ளைத் தாராளவாதிகளை நார்நாராகக் கிழித்த டி பால்மாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ‘ஆப்பிரிக்கன் ரூம்’ நையாண்டியும், போலீசின் அலட்சியமும் தெரிந்தே வைத்தவை. கடைசிக் காட்சியையும் அப்படிப் படிக்கலாம். க்யூபெக்கில் ஆளரவமில்லாத ரயில் நிலையத்தில் அந்தச் சோபா கிடக்கிறது, பக்கத்தில் ஒரு மாடு. வழக்கே முடிந்துபோனது தெரியாமல், தந்திக் கம்பத்தின் மேல் ஏறி லார்ச் பைனாகுலரில் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையரங்கில் சிரிப்பு எழும் காட்சி. சோபாவுக்குள் இருப்பது பிலிப் என்பதைச் சிரிப்பவர்கள் மறந்திருப்பார்கள். மறக்கவைப்பதுதான் இயக்குநரின் பொறி என்று வாதாட இடம் இருக்கிறது. நானும் அப்படி வாதாடியிருப்பேன், படம் ஒரு காரியம் செய்திருந்தால். பிலிப்புக்கு வீடு எங்கே, அம்மா இருக்கிறாளா, அவன் காணாமல் போனதை யாராவது கவனித்தார்களா என்று கிரேஸாவது ஓர் இடத்தில் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு தோண்டித் துருவும் பத்திரிகையாளர், கொலையாளியின் பிறப்பு வரை போகிறவள், கொல்லப்பட்டவனைப் பற்றி ஒரு கேள்விகூட எழுப்பவில்லை. இந்தக் குறையை இயக்குநரின் நையாண்டிக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.